கேளுங்கள், சொல்கிறேன்: தோற்காத இந்தியானா

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் 2025 சீசன் 2026 ஜனவரி 19-ம் தேதி முடிந்தது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு அதைப் பற்றியே கேள்விகள் குவிகின்றன. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள், அங்கேயே இருப்பவர்கள், ராத்திரி கண்விழித்துப் பார்த்தவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் வந்திருக்கிறது. இந்த முறை முழுக்க அதுதான்.

சார், என் பையன் இந்தியானா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். ஜனவரியில் போன் செய்தால் எடுக்கவே இல்லை, எடுத்தால் பின்னால் ஒரே கூச்சல். ‘நாம ஜெயிச்சிட்டோம்மா’ என்கிறான். இவன் பந்தைத் தொட்டவன்கூட இல்லை. அப்படி என்னதான் ஜெயித்தார்கள்?

பையனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, அவன் இருந்த ஊரில் அன்றைக்கு யாருமே போனை எடுத்திருக்க மாட்டார்கள். 2025 சீசன் தொடங்கும்போது, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் ஆடும் 136 அணிகளில், சரித்திரத்திலேயே அதிக ஆட்டங்களில் தோற்ற அணி எது என்று கேட்டால் பதில் இந்தியானா. நூறு வருஷத்துக்கு மேலாக ஆடி, ஒரு தேசியப் பட்டம்கூடக் கிடையாது. 2023-ல் 12 ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தார்கள். அந்த அணி 2025 சீசனில் 16 ஆட்டம் ஆடி 16-லும் ஜெயித்து, இறுதிப் போட்டியில் மயாமி பல்கலைக்கழகத்தை 27–21 என்று வீழ்த்தியது. அதுவும் மயாமி வழக்கமாகத் தன் சொந்த ஆட்டங்களை ஆடும் மைதானத்திலேயே! இதற்கு முன் ஒரே சீசனில் 16–0 என்று முடித்த பெரிய அணி 1894-ம் ஆண்டின் யேல். அந்தக் காலத்தில் பந்தை முன்பக்கம் எறிவதே விதிப்படி தப்பு, அதை அனுமதித்தது 1906-ல்தான்.

‘நாம’ என்று சொன்னான் பாருங்கள், அதைச் சொல்லும் உரிமை அவன் கட்டும் ஃபீஸில் சேர்த்தி.

ஃபுட்பால் என்கிறார்கள், கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஐந்து நொடி ஆடிவிட்டு அரை நிமிஷம் நிற்கிறார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். 100 கெஜ நீளத் திடல், பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். மூன்று வாய்ப்பிலும் முடியவில்லை என்றால் பெரும்பாலும் நாலாவதில் பந்தைத் தூரமாக உதைத்து அனுப்பிவிடுவார்கள், அல்லது கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பார்கள். எதிராளியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச் டவுன், 6 புள்ளி, கூடவே ஓர் உதைக்கு 1. நடுவில் நின்று பந்தை வாங்கி, யாரிடம் எறிவது, யாரிடம் கொடுப்பது என்று கண நேரத்தில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். நின்று நின்று ஆடுவது போலத் தெரிகிறதே, அந்த இடைவெளியில்தான் இரண்டு பக்கமும் அடுத்த திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கொஞ்சம் பழகிவிட்டால் ஆட்டத்தின் பாதி சுவாரஸ்யம் அங்கேதான் இருக்கிறது.

இந்த நாலாவது வாய்ப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்று வெற்றி எடுத்த அணி இரண்டே வருஷத்தில் சாம்பியன் ஆனது எப்படி? ஏதோ தில்லுமுல்லு இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தில்லுமுல்லு எதுவும் இல்லை. ஆனால் அற்புதமும் இல்லை என்பதுதான் என் கட்சி. ‘தேவதைக் கதை’ என்று எழுதித் தள்ளுகிறார்களே, அதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் இது முழுக்க முழுக்க ஆள் பார்த்து, கணக்குப் பார்த்துக் கட்டிய அணி.

2023 நவம்பர் கடைசியில் கர்ட் சிக்னெட்டியைத் தலைமைக் கோச்சாக எடுத்தார்கள். அப்போது அவருக்கு 62 வயது. அவர் அப்பாவும் கோச். இவர் 2007 முதல் 2010 வரை அலபாமா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற கோச் நிக் சேபனிடம் உதவிக் கோச்சாக இருந்தார், அதுவும் மாணவர்களைத் தேடிப் பிடித்து அணிக்குக் கொண்டுவரும் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் பெரிய இடத்துக்குத் தாவும்போது இவர் ஐம்பது வயதில் யாரும் கவனிக்காத கீழ்மட்ட அணி ஒன்றுக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். அங்கே ஜெயித்தார். பிறகு ஈலான் பல்கலைக்கழகம், பிறகு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம், எல்லா இடத்திலும் ஜெயித்தார். இந்தியானாவுக்கு வந்த புதிதில், இங்கே வரச் சொல்லி மாணவர்களை எப்படி நம்பவைக்கிறீர்கள் என்று நிருபர்கள் கேட்டபோது, ‘நான் ஜெயிக்கிறவன், கூகுளில் போட்டுப் பாருங்கள்’ என்றார். திமிர் என்று நினைத்தவர்கள் கூகுளில் போட்டுப் பார்த்தார்கள், சொன்னது உண்மையாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஒரு மாணவன் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அதைத் தளர்த்தினார்கள், இப்போது படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். அதற்கான பதிவேட்டுக்குப் பெயர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். சிக்னெட்டி வந்தபோது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அவர் கூடவே வந்துவிட்டார்கள். பள்ளியில் பெரிய பெயர் வாங்கிய பையன்களைத் துரத்த அவருக்கு வசதியும் இல்லை, விருப்பமும் இல்லை. நாளைக்கு இவன் என்ன ஆவான் என்று ஜோசியம் பார்க்காமல், கல்லூரி மட்டத்தில் நேற்று வரை என்ன செய்திருக்கிறான் என்று பார்த்து எடுத்தார். அதனால் அணியில் நாலாவது, ஐந்தாவது வருஷம் ஆடுகிறவர்கள் நிறைய, உடம்பு முற்றியவர்கள், ஆட்டம் தெரிந்தவர்கள். எதிரே பதினெட்டு பத்தொன்பது வயதில் பிரமாதத் திறமையோடு நிற்கும் பையன் தடுமாறும் இடத்தில் இவர்கள் தடுமாற மாட்டார்கள்.

முதல் வருஷமே 11 வெற்றி, 2 தோல்வி. தோற்றது ஓஹையோ ஸ்டேட்டிடமும் நோட்டர் டேமிடமும், அந்த இரண்டும்தான் அந்த வருஷ இறுதிப் போட்டியில் மோதின. ‘சுலபமான அட்டவணை, அதான் ஜெயித்தார்கள்’ என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். அடுத்த வருஷம் கலிஃபோர்னியா பெர்க்லியிலிருந்து குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோஸா வந்து சேர்ந்தார். பெர்க்லியில் அவருக்கு முன்னால் நின்ற தடுப்பு வரிசை ஓட்டை, அடி வாங்கியே எறிந்துகொண்டிருந்தார். இங்கே நிற்க இரண்டு நொடி கிடைத்தது. வருஷக் கடைசியில் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் அவருக்கு, இந்தியானாவில் அதை வாங்கிய முதல் ஆள்.

இத்தனை ஆட்டத்தில் ஒன்றில்கூடவா தடுமாறவில்லை?

தடுமாறினார்கள், நன்றாகவே தடுமாறினார்கள். 73–0, 63–10, 56–6 என்று போன ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, பாதியிலேயே எழுந்து போயிருக்கலாம். மூன்று ஆட்டம்தான் உயிரை எடுத்தது.

நவம்பர் 8, பென் ஸ்டேட் ஊரில். அந்த வருஷம் பென் ஸ்டேட் படு மோசம், கோச்சையே பாதி சீசனில் அனுப்பியிருந்தார்கள், அவர்களிடம் தோற்றால் அவமானம். கடைசி இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது இந்தியானா 20–24 என்று பின்னால் நிற்கிறது, 80 கெஜம் போக வேண்டும், நேரத்தை நிறுத்தும் டைம் அவுட் ஒன்றுகூடக் கையில் இல்லை. முதல் வாய்ப்பிலேயே மெண்டோஸாவைக் கீழே தள்ளிவிட்டார்கள். அப்புறம் அடுத்தடுத்து நீளமான எறிதல்கள். 36 நொடி மிச்சம் இருக்கும்போது எல்லைக்குள் பின்கோட்டை ஒட்டி ஒமார் கூப்பர் ஜூனியர் எம்பிப் பந்தைப் பிடித்தார். உடம்பு முழுக்க வெளியே சாய்ந்துவிட்டது, ஒரே ஒரு காலின் நுனி மட்டும் கோட்டுக்கு உள்ளே புல்லைத் தொட்டது. கல்லூரி விதிப்படி ஒரு கால் உள்ளே பட்டால் போதும், தொழில்முறை என்.எஃப்.எல். ஆட்டமாக இருந்திருந்தால் இரண்டு காலும் பட வேண்டும், 16–0 என்ற பேச்சே இருந்திருக்காது! 27–24. அந்தப் பிடியை மெதுவாக ஓட்டிக் காட்டும் வீடியோவை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் உடனே அனுப்புவான், பாருங்கள்.

இரண்டாவது, டிசம்பர் 6, இந்தியானா ஆடும் பல்கலைக்கழகக் குழுவான பிக் டென் கூட்டமைப்பின் இறுதிப் போட்டி, எதிரே நடப்பு சாம்பியன் ஓஹையோ ஸ்டேட். இரண்டும் தோற்காத அணிகள், நாட்டின் ஒன்றாம் இடமும் இரண்டாம் இடமும். 13–10. கடைசியில் ஓஹையோ ஸ்டேட் ரொம்பக் கிட்டத்திலிருந்து உதைக்க வேண்டிய 3 புள்ளியைத் தவறவிட்டது, இல்லாவிட்டால் ஆட்டம் சமன். அந்தக் கூட்டமைப்பில் இந்தியானா கடைசியாகப் பட்டத்தில் பங்கு பெற்றது 1967-ல்.

மூன்றாவது, இறுதிப் போட்டி. ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி, இந்தியானா 17–14 என்று முன்னால், மயாமி நெருங்கிக்கொண்டே வருகிறது. எல்லைக்கு 12 கெஜத்தில் இந்தியானாவுக்கு நாலாவது வாய்ப்பு, 4 கெஜம் தேவை. உதைத்து 3 புள்ளி எடுக்கலாம், எவரும் குறை சொல்ல மாட்டார்கள். சிக்னெட்டி உதைக்க ஆள் அனுப்புவது போல் அனுப்பி, பிறகு டைம் அவுட் கேட்டு மெண்டோஸாவைத் திரும்ப உள்ளே அனுப்பினார். எறிவது போல் பாவனை காட்டிவிட்டுப் பந்தோடு நேராக நடுவில் ஓடினார் மெண்டோஸா, வழியில் இரண்டு பேர் மோதியும் விழாமல் சுழன்று, கடைசியில் காற்றில் பாய்ந்து எல்லைக்குள் விழுந்தார். குவார்ட்டர்பேக்குகளில் அவர் ஒன்றும் பெரிய ஓட்டக்காரர் அல்ல, அதனால்தான் அது பலித்தது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகும் மயாமி விடவில்லை, கடைசி நிமிஷத்தில் எறிந்த பந்தை ஜமாரி ஷார்ப் இடைமறித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஷார்ப் மயாமி நகரத்துக்காரர் என்பது கூடுதல் வேடிக்கை, மெண்டோஸாவும் அங்கே வளர்ந்தவர்தான்.

காசு கொடுத்து ஆள் வாங்கி ஜெயிப்பதெல்லாம் ஒரு வெற்றியா சார்? கல்லூரி விளையாட்டு என்றால் கல்லூரிக்காக ஆட வேண்டாமா?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். முதலில் நடப்பு: 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், என்.ஐ.எல். என்பது அதுதான். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஒரு சமரசத்தின்படி கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், எல்லா விளையாட்டும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இந்தியானாவின் பழைய மாணவரான பெரும் பணக்காரர் மார்க் க்யூபனும் ஆள் சேர்க்கக் காசு கொடுத்தார், அதை அவரே சொன்னார். (உங்கள் பிள்ளை எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் இந்தக் காசுக்கெல்லாம் ஆசைப்பட வேண்டாம், விசா விதி அதற்கு இடம் கொடுக்காது.)

இப்போது என் கருத்து. காசு வந்து கெட்டுவிட்டது என்கிறீர்கள், காசு எப்போது இல்லை? லட்சம் பேர் உட்காரும் மைதானம், தொலைக்காட்சி உரிமை, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கோச்சுகள் எல்லாம் ரொம்ப நாளாக இருக்கிறது, அடி வாங்கும் பையனுக்கு மட்டும்தான் ஸ்காலர்ஷிப் தவிர ஒன்றும் இல்லாமல் இருந்தது. சிக்னெட்டிக்கே இப்போது ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள் இதே சீசனில் ஓல் மிஸ் என்ற மிசிசிப்பி பல்கலைக்கழக அணிக்கு நடந்ததைப் பாருங்கள்: 11 ஆட்டம் ஜெயித்து பட்டத்தை முடிவு செய்யும் கடைசிக்கட்டப் போட்டிகளான பிளேஆஃபுக்கு முதல்முறையாகப் போகும் நேரத்தில் கோச் லேன் கிஃபின் எல்.எஸ்.யு. என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். பையன்கள் இருந்து ஆடி, ஜார்ஜியாவை வீழ்த்தி, அரையிறுதி வரை போனார்கள்.

அதோடு, பழைய முறையில் யார் ஜெயித்தார்கள்? அலபாமா, ஜார்ஜியா, ஓஹையோ ஸ்டேட், கிளெம்சன் என்று திரும்பத் திரும்ப அதே நாலைந்து பேர். நல்ல பையன்கள் எல்லாரும் அங்கேயே போய் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அவர்கள் உட்கார வேண்டியதில்லை, வேறு இடம் போய் ஆடலாம். அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் இந்தியானா இன்னும் நூறு வருஷம் தோற்றுக்கொண்டே இருந்திருக்கும். பணமும் போர்ட்டலும் ஆட்டத்தை நாசமாக்கின என்று திட்டுகிறவரே அடுத்த மூச்சில் இந்தியானாவைப் பார்த்துக் கண்கலங்குவதுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் மட்டும் உண்டு: வருஷத்துக்கு ஒரு கல்லூரி என்று நாலு இடம் சுற்றும் பையன் டிகிரி எங்கே வாங்குவான் என்று தெரியவில்லை.

அப்படியானால் படிக்கிறார்களா, இல்லை பேருக்குத்தானா?

ஆளைப் பொறுத்தது. மெண்டோஸா பெர்க்லியில் பிசினஸ் பட்டம் வாங்கியவர்.

12 அணி பிளேஆஃப் என்கிறார்கள், நோட்டர் டேமை ஏன் சேர்க்காமல் விட்டார்கள்? பத்தாம் இடத்து மயாமி இறுதிக்கு வந்தது அதிர்ஷ்டமா?

ஐந்து கூட்டமைப்புச் சாம்பியன்களுக்குக் கட்டாய இடம், மிச்சம் ஏழு இடத்தை ஒரு கமிட்டி உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும். மயாமியும் நோட்டர் டேமும் இரண்டுமே 10 வெற்றி, 2 தோல்வி. கமிட்டி வாராவாரம் வெளியிட்ட பட்டியலில் நோட்டர் டேம்தான் மேலே இருந்தது, கடைசிப் பட்டியலில் மயாமி மேலே வந்துவிட்டது. நோட்டர் டேம் கோபத்தில் எந்த பவுல் ஆட்டமும் (சீசன் கடைசியில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) வேண்டாம் என்று சீசனையே முடித்துக்கொண்டது. கமிட்டி நடந்துகொண்ட விதம் அசிங்கம்தான், ஆனால் முடிவு சரி, ஏனென்றால் இரண்டும் ஆகஸ்ட் 31-ல் நேருக்கு நேர் மோதி மயாமி 27–24 என்று ஜெயித்திருந்தது. அதை மூன்று மாதம் கழித்துத்தான் கமிட்டி கண்டுபிடித்ததா என்பது வேறு விஷயம்.

அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 10–3, ஓஹையோ ஸ்டேட்டை 24–14, ஓல் மிஸ்ஸை 31–27 என்று ஜெயித்துத்தான் வந்தார்கள்.

எனக்கு இதில் சுவாரஸ்யமானது வேறு. முதல் நான்கு இடத்து அணிகள் முதல் சுற்று ஆட வேண்டாம், ஓய்வு. சலுகை என்று பெயர், ஆனால் 2024 சீசனில் அப்படி ஓய்வெடுத்த நான்கும் அடுத்த ஆட்டத்திலேயே தோற்றன, 2025-ல் மூன்று தோற்றன. மூன்று வாரத்துக்கு மேல் ஆடாமல் இருந்துவிட்டு, சூடாக வருகிறவனிடம் மாட்டிக்கொள்வது அவ்வளவு கஷ்டம். எட்டில் தப்பித்த ஒரே அணி இந்தியானா. அதுவும் சும்மா இல்லை, காலிறுதியான ரோஸ் பவுலில் அலபாமாவை 38–3! அடுத்து அரையிறுதியான பீச் பவுலில் ஓரிகன் எறிந்த முதல் பந்தையே டி’ஏஞ்சலோ பாண்ட்ஸ் குறுக்கே புகுந்து பிடித்து டச் டவுனுக்கு ஓடிவிட்டார், பலர் இருக்கையில் உட்காரவே இல்லை. 56–22.

இந்தியானா என்றால் கூடைப்பந்து என்றுதானே நான் படித்தேன்?

சரியாகத்தான் படித்தீர்கள். ஐந்து தேசியப் பட்டம். 1976-ல் 32–0 என்று ஜெயித்தார்கள், ஆண்கள் பிரிவில் அதற்குப் பிறகு எந்த அணியும் தோற்காமல் பட்டம் வாங்கியதில்லை.

அண்ணன் மகன் அமெரிக்காவில் பள்ளியில் படிக்கிறான், ஃபுட்பால் அணியில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தலையில் அடிபடுமாமே? சேர்க்கலாமா?

படும். 2017-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு காலத்தில் ஃபுட்பால் ஆடி, பின்னால் இறந்துபோனவர்களின் 202 மூளைகளைப் பரிசோதித்தார்கள். கல்லூரி வரை ஆடிய 53 பேரில் 48 பேருக்கு சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு இருந்தது, பள்ளியோடு நிறுத்திய 14 பேரில் 3 பேருக்கு. பயந்துவிடாதீர்கள், அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன, அதனால் ஆடுகிற எல்லாருக்கும் இதே விகிதம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் எத்தனை வருஷம் ஆடுகிறோமோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. முட்டி மோதாமல் இடுப்பில் தொங்கும் துணியைப் பிடுங்கி ஆடும் ஃப்ளாக் ஃபுட்பால் இருக்கிறது, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். சின்னப் பையன் என்றால் அதில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் போட்டுத்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்தால், தலைசுற்றல், வாந்தி எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்வான் என்று உங்கள் அண்ணனுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அவன் மறைக்கிற ரகம் என்றால் நான் சேர்க்க மாட்டேன்.

அடுத்த வருஷமும் இந்தியானாதானா?

மெண்டோஸா தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறார். வயது முதிர்ந்த அணி என்றேனே, அதில் பாதிப் பேர் வெளியே போகும் நேரம். சிக்னெட்டி அதற்குள் டி.சி.யு. என்ற டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்திலிருந்து ஜாஷ் ஹூவர் என்ற அனுபவக் குவார்ட்டர்பேக்கைப் போர்ட்டலில் பிடித்துவிட்டார். நடுவில் ஒரு ஆட்டமாவது தோற்பார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் பிளேஆஃபில் இருப்பார்கள்.